டிஸ்க் கேம்கோடர் வாங்குமுன் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

விடுமுறைக்கு ஊர் திரும்பும் வளைகுடா சகோதரர்கள் பலரின் பெட்டியில் ஒரு காலத்தில் ஒரு கேம்கோடரும் இருந்தது. வீட்டு நிக்காஹ், வலீமா, பெருநாள் காலை, மதரஸா ஆண்டு விழா, குழந்தை எடுத்து வைத்த முதல் அடி, ஹஜ்ஜுக்குப் புறப்படும் பெரியவர்களை வழியனுப்புதல் என்று பதிந்து வைக்க வேண்டிய நிகழ்வுகளுக்குக் குறைவில்லை. இவற்றில் எதையும் இரண்டாம் முறை நடத்திப் படம் எடுக்க முடியாது. ஆகவே கேம்கோடர் வாங்கும்போது பெட்டியின் மீது அச்சிட்டிருக்கும் எண்களைவிட, எடுத்த பதிவு பத்து வருடம் கழித்தும் ஓடுமா என்பதே முக்கியமான கேள்வி.

அப்போது கடைகளில் அதிகமாகப் பரிந்துரைக்கப்பட்டது டிவிடி டிஸ்கில் நேரடியாகப் பதிவு செய்யும் கேம்கோடர். "எடுத்தவுடன் டிஸ்கை டிவிடி பிளேயரில் போட்டுப் பார்க்கலாம்" என்று விற்பனையாளர் சொல்வார். அது உண்மைதான், ஆனால் சில நிபந்தனைகளோடு உண்மை. அந்த நிபந்தனைகள் எவை, இந்த வகைக் கருவி யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

டிஸ்க் கேம்கோடர் என்றால் என்ன?

வழக்கமான சிடி, டிவிடிகளின் விட்டம் 12 சென்டிமீட்டர். டிஸ்க் கேம்கோடர்களில் பயன்படுவது 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறிய டிவிடி. இந்த வகையில் முதல் கேம்கோடரை ஹிட்டாச்சி நிறுவனம் 2000-ம் ஆண்டு வெளியிட்டது. பின்னர் சோனி, பானாசோனிக், கேனான் ஆகிய நிறுவனங்களும் இவ்வகைக் கருவிகளைக் கொண்டுவந்தன.

கேம்கோடர் தான் காணும் காட்சியை அந்த நொடியிலேயே எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கி, லேசர் கதிர் மூலம் டிஸ்கில் எழுதுகிறது. சினிமா டிவிடிகளில் இருப்பதும் இதே முறைதான். அதனால்தான் பதிந்த டிஸ்கைச் சாதாரண டிவிடி பிளேயரிலும் பார்க்க முடிகிறது. கேசட்டைப் போல முன்னும் பின்னும் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. திரையில் தெரியும் சிறு படங்களில் வேண்டிய காட்சியைத் தேர்ந்தெடுத்தால் நேராக அங்கே போய்விடலாம். பழைய காட்சியின் மீது தெரியாமல் புதியதைப் பதிந்துவிடும் ஆபத்தும் இல்லை.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

எந்த நிறுவனம், எந்த மாடல் என்று யோசிக்குமுன், 'இந்தப் பதிவை யார், எங்கே, எதில் பார்க்கப் போகிறார்கள்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊரில் இருக்கும் வாப்பாவும் உம்மாவும் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, டிவியும் டிவிடி பிளேயரும் உண்டு என்றால் டிஸ்க் கேம்கோடர் நல்ல தேர்வு. வெளிநாட்டில் எடுத்த ஒரு டிஸ்கை ஊருக்குப் போகும் நண்பரிடம் கொடுத்தனுப்பினால் போதும். அதே போல ஊரில் நடந்த விசேஷத்தைத் தபாலில் அனுப்பினால், அங்கே அறையில் இருக்கும் மகனும் எந்தச் சிரமமும் இன்றிப் பார்த்துவிடுவார்.

மாறாக, எடுத்ததை வெட்டி ஒட்டி, தலைப்புச் சேர்த்து, முழுமையான ஒரு படமாகத் தொகுக்க விரும்புபவருக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. எம்பெக்-2 முறையில் காட்சிகள் ஏற்கெனவே அதிகம் சுருக்கப்பட்டுவிட்டன. அவற்றைக் கம்ப்யூட்டரில் மாற்றி மறுபடியும் சுருக்கும்போது படத்தின் தரம் மேலும் குறையும். எடிட்டிங்கில் ஆர்வமுள்ளவர்களுக்கு அக்காலத்தில் மினிடிவி கேசட் வகையே சிறந்ததாக இருந்தது.

பதிவு நேரம்: கணக்குப் போட்டுப் பாருங்கள்

டிஸ்க் கேம்கோடரின் மிகப்பெரிய குறை பதிவு நேரம்தான். ஒரு பக்கம், ஒரே அடுக்கு கொண்ட 8 செ.மீ. டிஸ்கின் கொள்ளளவு 1.4 ஜிபி. இதில் உயர்ந்த தரத்தில் சுமார் 20 நிமிடமும், நடுத்தரத்தில் சுமார் 30 நிமிடமும், குறைந்த தரத்தில் சுமார் 60 நிமிடமும் பதியலாம். பெட்டியில் பெரிய எழுத்தில் '60 நிமிடம்' என்று இருந்தால் அது குறைந்த தரத்துக்கான கணக்கு. அந்தத் தரத்தில் குழந்தை ஓடினாலும் கேமராவை வேகமாகத் திருப்பினாலும் படம் சிறு சிறு கட்டங்களாக உடைந்து தெரியும்.

இரட்டை அடுக்கு டிஸ்கில் 2.6 ஜிபி கொள்ளும். அதில் நடுத்தரப் பதிவு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆனால் எல்லாக் கேம்கோடர்களும் இரட்டை அடுக்கை ஏற்பதில்லை. பழைய டிவிடி பிளேயர்கள் சிலவும் அதைப் படிக்கத் திணறும்.

இப்போது ஒரு திருமண நாளை எடுத்துக்கொள்வோம். மூன்று மணி நேரம் பதிய வேண்டுமானால் நடுத்தரத்தில் ஆறு டிஸ்குகள் வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய டிஸ்கை எடுத்து, புதியதை வைத்து, கேமரா அதை அடையாளம் கண்டு தயாராகும்வரை காத்திருக்க வேண்டும். சரியாக ஈஜாப் கபூல் சொல்லும் நேரத்தில் டிஸ்க் நிறைந்துவிட்டால் என்ன செய்வது? ஆகவே முக்கியமான தருணத்துக்குச் சில நிமிடங்கள் முன்பே, பாதி நிறைந்த டிஸ்காக இருந்தாலும் எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுக்கொள்வது நல்லது. நீண்ட நிகழ்வுகளையே அதிகம் பதியப் போகிறவர் வேறு வகைக் கருவியைப் பரிசீலிப்பதே சரி.

எந்த டிஸ்க்?

கடையில் டிஸ்க் கேட்டால் பல பெயர்களைச் சொல்லிக் குழப்புவார்கள். விஷயம் இவ்வளவுதான்.

டிவிடி-ஆர்: ஒரே முறை எழுதக்கூடியது. விலை குறைவு. பெரும்பாலான பிளேயர்களில் ஓடும். வேண்டாத காட்சியை அழித்து இடத்தைத் திரும்பப் பெற முடியாது. பாதுகாத்து வைக்க வேண்டிய பதிவுகளுக்கு இதையே பயன்படுத்துங்கள்.

டிவிடி-ஆர்டபிள்யூ: அழித்து மறுபடி எழுதலாம். இதைப் புதிதாகப் போடும்போது 'வீடியோ மோட்' வேண்டுமா 'விஆர் மோட்' வேண்டுமா என்று கேமரா கேட்கும். விஆர் மோடில் வேண்டாத காட்சிகளைக் கேமராவிலேயே நீக்கலாம். ஆனால் அந்த மோடைப் படிக்கும் பிளேயர்களில் மட்டுமே ஓடும். ஊருக்கு அனுப்பும் டிஸ்க் என்றால் வீடியோ மோடையே தேர்ந்தெடுங்கள்.

டிவிடி+ஆர்டபிள்யூ: இதுவும் அழித்து எழுதக்கூடியதே. சில கேம்கோடர்கள் மட்டும் இதை ஏற்கும்.

டிவிடி-ராம்: பலமுறை அழித்து எழுதலாம். கேமராவிலேயே காட்சிகளை நீக்கவும் வரிசை மாற்றவும் வசதியானது. ஆனால் சாதாரண டிவிடி பிளேயர்களில் பெரும்பாலானவை இதைப் படிக்காது.

அழித்து எழுதும் டிஸ்க் ஒன்றைப் பழகுவதற்கு வைத்துக்கொண்டு, விசேஷங்களுக்கு நல்ல நிறுவனத்தின் டிவிடி-ஆர் டிஸ்குகளைப் பயன்படுத்துவது பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருந்தும். 8 செ.மீ. டிஸ்குகள் எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைப்பதில்லை. ஊருக்குப் புறப்படுமுன்பே தேவையான எண்ணிக்கையை வாங்கிக்கொள்ளுங்கள்.

பலரும் அறியாத 'ஃபைனலைஸ்'

டிஸ்க் கேம்கோடர் வாங்கியவர்கள் அதிகம் ஏமாற்றம் அடைவது இந்த இடத்தில்தான். நிகழ்ச்சி முடிந்ததும் டிஸ்கை எடுத்து டிவிடி பிளேயரில் போடுவார்கள். 'டிஸ்க் இல்லை' என்றோ 'படிக்க முடியவில்லை' என்றோ திரையில் வரும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று எண்ணிச் சிலர் தூக்கி எறிந்தும் விடுகிறார்கள். உண்மையில் பதிவு அதில் பத்திரமாகவே இருக்கும்; டிஸ்க் இன்னும் ஃபைனலைஸ் செய்யப்படவில்லை, அவ்வளவுதான்.

ஒரு புத்தகத்தின் பக்கங்கள் எல்லாம் அச்சாகிவிட்டன, ஆனால் பொருளடக்கம் சேர்த்துக் கட்டவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்பது பதிந்த கேமராவுக்கு மட்டும் தெரியும். அந்தப் பொருளடக்கத்தை எல்லா பிளேயர்களும் படிக்கும் விதத்தில் டிஸ்கில் எழுதி முடிக்கும் வேலைக்குத்தான் ஃபைனலைஸ் என்று பெயர். கேமராவின் மெனுவில் இது இருக்கும். சில மாடல்களில் இதற்கென்று தனிப் பொத்தானே உண்டு.

இதில் கவனிக்க வேண்டியவை:

1. ஃபைனலைஸ் செய்யும்போது பேட்டரியை நம்பாதீர்கள். அடாப்டர் மூலம் மின்சாரத்தில் இணைத்துவிட்டுச் செய்யுங்கள். பாதியில் மின்சாரம் நின்றால் டிஸ்க் முழுவதும் வீணாகக்கூடும். மின்வெட்டு நேரம் பார்த்துச் செய்வது நம் ஊருக்கு அவசியம். அடாப்டரோடு பேட்டரியையும் கழற்றாமல் வைத்திருங்கள்.

2. வேலை முடியும்வரை கேமராவை அசைக்காமல் மேசை மீது வையுங்கள்.

3. சில மாடல்களில், டிஸ்கில் பதிவு குறைவாக இருந்தால் ஃபைனலைஸ் ஆக அதிக நேரம் பிடிக்கும். நின்றுவிட்டதோ என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

4. டிவிடி-ஆர் டிஸ்கை ஃபைனலைஸ் செய்தபின் அதில் மேற்கொண்டு எதையும் பதிய முடியாது. டிவிடி-ஆர்டபிள்யூ என்றால் ஃபைனலைசை நீக்கிவிட்டுத் தொடரலாம்.

5. ஃபைனலைஸ் செய்யாத டிஸ்கை, பதிந்த அதே கேமராவில் ஃபைனலைஸ் செய்வதே பாதுகாப்பு. வேறு நிறுவனத்தின் கேமரா அதை ஏற்கும் என்று நம்ப முடியாது.

இந்த ஐந்தாவது விஷயம்தான் மிக முக்கியம். 'பிறகு செய்துகொள்ளலாம்' என்று டிஸ்குகளை அலமாரியில் போட்டு வைத்திருக்கும்போது கேமரா பழுதாகிவிட்டால், அல்லது அதை விற்றுவிட்டால், அந்தப் பதிவுகளை மீட்க விசேஷ மென்பொருளைத் தேடி அலைய வேண்டும். மீட்க முடியாமலும் போகலாம். ஆகவே நிகழ்ச்சி முடிந்த அன்றிரவே ஃபைனலைஸ் செய்வதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கேமராவைக் கைமாற்றுமுன் வீட்டிலுள்ள எல்லா டிஸ்குகளையும் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

பிளேயரும் பொருந்த வேண்டும்

தட்டு வெளியே வரும் வகை டிவிடி பிளேயரில், தட்டின் நடுவே சிறிய வட்டப் பள்ளம் ஒன்று இருக்கும். 8 செ.மீ. டிஸ்கை அதில்தான் வைக்க வேண்டும். ஆனால் காரில் உள்ளது போன்ற, டிஸ்கை ஒரு பிளவு வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும் கருவிகளில் இந்தச் சிறிய டிஸ்கைப் போடக்கூடாது. உள்ளே சிக்கிக்கொள்ளும். சில பழைய லேப்டாப்களிலும் இத்தகைய டிரைவ்தான் இருந்தது.

அடுத்தது பால், என்டிஎஸ்சி விவகாரம். இந்தியா, இலங்கை, வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா ஆகிய இடங்களில் பால் முறை இருந்தது. அமெரிக்கா, ஜப்பான் நாடுகளில் என்டிஎஸ்சி முறை இருந்தது. அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வரும் கேம்கோடர் என்டிஎஸ்சி முறையிலேயே பதியும். இன்றைய பிளேயர்கள் பல இரண்டையும் காட்டும் என்றாலும், பழைய டிவியில் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியலாம் அல்லது உருளலாம். ஊரில் பார்ப்பதற்கு என்றால் பால் கருவியையே வாங்குங்கள். சினிமா டிவிடிகளில் உள்ள 'ரீஜன் கோட்' தடை நாம் பதியும் வீட்டு டிஸ்குகளுக்குக் கிடையாது. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஏவிசிஎச்டி என்ற உயர் துல்லிய முறையை 2006-ல் சோனியும் பானாசோனிக்கும் இணைந்து அறிவித்தன. சில டிஸ்க் கேம்கோடர்கள் இம்முறையில் பதிகின்றன. படம் மிகத் தெளிவாக இருக்கும். ஆனால் இப்படிப் பதிந்த டிஸ்க் சாதாரண டிவிடி பிளேயரில் ஓடாது. போட்டால் வெளியே வராமல் சிக்கல் செய்யவும் கூடும். இம்முறையை ஆதரிக்கும் பிளேயரும் டிவியும் வீட்டில் இல்லையென்றால் இதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பயனில்லை.

கடையில் சோதிக்க வேண்டியவை

ஜூம்: 800 மடங்கு, 2000 மடங்கு என்று பெட்டியில் இருப்பது டிஜிட்டல் ஜூம். அது இருக்கும் படத்தையே பெரிதாக்கிக் காட்டுவது; தெளிவு போய்விடும். 'ஆப்டிகல் ஜூம்' எத்தனை மடங்கு என்பதை மட்டும் பாருங்கள். வீட்டு உபயோகத்துக்கு 20 மடங்கே தாராளம்.

குறைந்த வெளிச்சம்: நம் வீட்டு விசேஷங்கள் பெரும்பாலும் டியூப்லைட் வெளிச்சத்தில், இரவில் நடப்பவை. கடையின் பிரகாசமான விளக்கின் கீழ் எல்லாக் கேமராவும் அழகாகவே காட்டும். கடையில் இருண்ட மூலை ஒன்றைப் படம் எடுத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரிகிறதா என்று கவனியுங்கள்.

ஒலி: முகம் தெரிந்தும் குரல் கேட்காத பதிவால் பயன் குறைவு. வெளி மைக் இணைக்கும் வசதி இருந்தால் நல்லது. குறைந்த விலை மாடல்கள் பலவற்றில் இது இருப்பதில்லை. டிஸ்க் சுழலும் ஓசை அமைதியான அறையில் பதிவாகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

தொடங்கும் நேரம்: டிஸ்க் போட்டபின் கேமரா தயாராகச் சில நொடிகள் ஆகும். ஆன் செய்ததிலிருந்து பதிவு தொடங்கும் வரை எவ்வளவு நேரம் என்று எண்ணிப் பாருங்கள்.

பேட்டரி: டிஸ்கைச் சுழற்றவும் லேசரை இயக்கவும் மின்சாரம் அதிகம் செலவாகும். கேமராவோடு தரும் பேட்டரி ஒரு விசேஷத்துக்குப் போதாது. கூடுதல் பேட்டரியின் விலையையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

வாரண்டி: வெளிநாட்டில் வாங்கினால், வாரண்டி ஊரிலும் செல்லுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட நல்ல சோதனை ஒன்று உண்டு. ஒரு டிஸ்கில் ஐந்து நிமிடம் பதிந்து, ஃபைனலைஸ் செய்து, உங்கள் வீட்டில் உள்ளது போன்ற சாதாரண பிளேயரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். டிஸ்கின் விலையை நீங்களே கொடுத்தாலும் இந்தச் சோதனை லாபம்தான்.

மற்ற வகைகளோடு ஒப்பிட்டால்

மினிடிவி கேசட்: ஒரு கேசட்டில் வழக்கமான வேகத்தில் 60 நிமிடம். அன்று கேசட் விலை குறைவு, படத்தின் தரம் உயர்வு. ஆனால் கம்ப்யூட்டருக்கு மாற்ற ஒரு மணி நேரப் பதிவுக்கு ஒரு மணி நேரமும், சுமார் 13 ஜிபி இடமும் ஆகும்.

ஹார்ட் டிஸ்க் கேம்கோடர்: 30 ஜிபி கருவியில் உயர்ந்த தரத்திலேயே சுமார் 7 மணி நேரம் பதியலாம். திருமணம் முழுவதையும் தடையின்றி எடுத்துவிடலாம். ஆனால் கம்ப்யூட்டர் இருந்தே ஆக வேண்டும். கீழே விழுந்து ஹார்ட் டிஸ்க் பழுதானால் அதுவரை எடுத்து வைத்த எல்லாமே ஒன்றாகப் போய்விடும். டிஸ்க் வகையில் ஒன்று கெட்டாலும் மற்றவை மிஞ்சும்.

மெமரி கார்டு கேம்கோடர்: சுழலும் பாகம் எதுவும் இல்லாததால் எடை குறைவு, அதிர்வைத் தாங்கும். பதிந்ததைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டுக் கார்டை மறுபடி பயன்படுத்த வேண்டும். கம்ப்யூட்டர் பழக்கமுள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இது நல்ல வழி.

பெண்கள் பகுதிப் பதிவுகள்: ஓர் எச்சரிக்கை

வெளி வீடியோகிராஃபரை அழைக்காமல், பெண்கள் பகுதியை வீட்டுப் பெண்களே பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே கேம்கோடர் வாங்கும் குடும்பங்கள் உண்டு. நல்ல நோக்கம். ஆனால் அந்த டிஸ்கைப் பிரதி எடுக்கக் கடையில் கொடுத்தால் அந்த நோக்கமே போய்விடுகிறது. கடைக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் தங்கிவிட்டால் அது எங்கே போகும் என்று நம்மால் சொல்ல முடியாது.

ஆகவே பெண்கள் பகுதிக்கென்று தனி டிஸ்குகளை ஒதுக்குங்கள். பதிவதற்கு முன் அங்கே வந்திருக்கும் பெண்களிடம் அனுமதி கேளுங்கள். பிரதி எடுப்பதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், இரவல் கொடுக்காதீர்கள். வேண்டாத டிஸ்கை உடைத்துவிட்டு எறியுங்கள். ஹார்ட் டிஸ்க், மெமரி கார்டு வகைகளில் 'டெலீட்' செய்த காட்சியை மென்பொருள் மூலம் மீட்க முடியும் என்பதால், அவற்றை விற்கும்போதும் பழுது பார்க்கக் கொடுக்கும்போதும் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். பதிவுகளைப் பூட்டி வைக்க முடியும் என்பது டிஸ்க் வகையின் ஒரு நன்மை. மற்றவர்களின் முகங்கள் நம்மிடம் இருக்கும் அமானிதம் என்பதை மறந்துவிடக் கூடாது.

பதிவுகளைப் பாதுகாக்க

ஒரே முறை எழுதக்கூடிய டிவிடி-ஆர் டிஸ்குகளில் ஒரு மெல்லிய சாயப் படலத்தில்தான் காட்சிகள் பதிகின்றன. வெயிலும் சூடும் அதற்குப் பகை. காரின் முன்பகுதியிலும் ஜன்னலோரத்திலும் வைக்காதீர்கள். ஓரங்களைப் பிடித்தே எடுங்கள். துடைக்க நேர்ந்தால் மென்மையான துணியால் நடுவிலிருந்து வெளிநோக்கித் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. காகித லேபிள் ஒட்டினால் டிஸ்க் சமநிலை இழந்து சுழலும். மேற்பரப்பில் மென்முனை மார்க்கரால் தேதியும் நிகழ்ச்சியும் எழுதினால் போதும்.

ஏசி அறையிலிருந்து கேமராவைத் திடீரென்று புழுக்கமான வெளிப்புறத்துக்குக் கொண்டுசென்றால் உள்ளே லென்சில் நீர் படியும். வளைகுடாவிலும் நம் கடற்கரை ஊர்களிலும் இது அடிக்கடி நடக்கும். பையை மூடியபடியே ஒரு மணி நேரம் வெளியில் வைத்திருந்துவிட்டு எடுங்கள். கடற்கரை மணலில் டிஸ்க் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

முக்கியமாக, எந்தப் பதிவும் ஒரே பிரதியாக இருக்கக் கூடாது. 1.4 ஜிபி டிஸ்குகள் மூன்றை ஒரு சாதாரண 4.7 ஜிபி டிவிடியில் பிரதி எடுக்கலாம். ஒன்று ஊரில், மற்றொன்று நீங்கள் இருக்கும் இடத்தில் என்று இரண்டு இடங்களில் வையுங்கள். வருடத்துக்கு ஒரு முறை எடுத்து ஓட்டிப் பாருங்கள். படம் தடுமாறத் தொடங்கினால் உடனே புதிய டிஸ்குக்கோ கம்ப்யூட்டருக்கோ மாற்றிவிடுங்கள்.

முடிவாக

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, டிவிடி பிளேயர் உண்டு, பதிவுகள் சிறியவை, ஊருக்கும் வெளிநாட்டுக்கும் இடையே அனுப்பிப் பார்க்க வேண்டும் என்றால் டிஸ்க் கேம்கோடர் உங்களுக்கு ஏற்றது. நீண்ட நிகழ்வுகள், எடிட்டிங், அடிக்கடி பயணம் என்றால் மற்ற வகைகளைப் பாருங்கள். எதை வாங்கினாலும், பதிந்த அன்றே ஃபைனலைஸ், அந்த வாரமே இன்னொரு பிரதி என்ற இரண்டு பழக்கங்களையும் கைவிடாதீர்கள். இன்று மடியில் இருக்கும் குழந்தை, தன் பாட்டனாரின் குரலை வளர்ந்தபின்னும் கேட்கும், இன்ஷா அல்லாஹ்.